தண்ணீர் வராத வீட்டைப் பற்றிச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

டத்தோ கெராமட், ஜார்ஜ்டவுன்
திங்கட்கிழமை காலை

மரியாதைக்குரிய சம்பந்தி சூசைநாதன் அவர்களுக்கு, பாக்கியசாமி பணிவுடன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையில் நானும் சவுந்தரமும் மகன் கிளிஃபர்டும் இங்கே தரையிலிருந்து நாலடி உயரத்தில் நலம். நிபோங் திபாலில் நீங்களும் சம்பந்தியம்மாவும், எங்களுக்கு மருமகளாக வரப்போகும் மிஷெலும் தரையிலேயே நலமாக இருக்க வேண்டுமென்று செபமாலை சொல்லும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறோம்.

சனிக்கிழமை நீங்கள் சம்பந்தியம்மாவோடு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தீர்கள். பார்த்தீர்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு கிளம்பினீர்கள். நேற்றிலிருந்து பதினோரு முறை போன் அடித்துவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவும் எடுக்கவில்லை. கிளிஃபர்ட் அடித்தால் மிஷெலும் எடுக்கவில்லை. கோபத்தில்கூட இவ்வளவு ஒற்றுமையான குடும்பத்தை நான் பார்த்ததில்லை. ஜனவரியில் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. அந்தக் கல்யாணம் நடக்குமா என்ற கவலையில் கிளிஃபர்ட் சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் இறங்கவில்லை. அதனால் போனில் சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சம்பந்தம் பேசிய அன்று, உங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறியதில்லை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, "உங்க பக்கம் எப்படி?" என்று கேட்டீர்கள். அந்த வேகத்தில் நானும் "ஏறாது" என்று சொல்லிவிட்டேன். அது பொய். 2017 நவம்பரில் எங்கள் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஐஸ்பெட்டி மல்லாக்க மிதந்தது. அதைக் காப்பாற்றப் போகிறேன் என்று மெயின் சுவிட்சைக்கூட அணைக்காமல் நான் தண்ணீரில் இறங்கினேன். அடுத்த வீட்டு ஷரீஃபா படிக்கட்டில் நின்று என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத ஆள் இருந்திருக்காது. அன்று ரொம்பவே பயந்துவிட்டேன் சம்பந்தி. அதிலிருந்து எனக்கு வெள்ளம் என்றால் கொஞ்சம் அதிகப்படியான முன்னெச்சரிக்கை.

நான் துறைமுகத்தில் முப்பது வருஷம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன், எதையும் லேபிள் ஒட்டாமல் நம்ப மாட்டேன். எனவே வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரித்துவிட்டேன். சிவப்பு லேபிள் "முதலில் மாடிக்கு", மஞ்சள் "நேரமிருந்தால்", வெள்ளை "போனால் போகட்டும்". சவுந்தரத்தின் தையல் மெஷினுக்கு வெள்ளை ஒட்டியதால் ஒரு வாரம் எனக்குக் கருவாடு கிடைக்கவில்லை. அவளுடைய பிரஷர் மாத்திரையை அவசரப் பையில் பத்திரமாகக் கட்டிவைத்தேன், அதனால் தினமும் காலையில் பையை அவிழ்த்து மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. பத்திரங்களையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுத் தண்ணீர் புகாதபடி ஆறு சுற்று டேப் ஒட்டினேன். மறுநாளே கல்யாண விஷயமாகப் பங்குச் சாமியார் கிளிஃபர்டின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டார். டின்னைத் திறக்க இரும்புக் கடைக்குப் போனோம். காரை மேட்டில் நிறுத்த வேண்டுமென்று பேரங்காடியின் பல அடுக்கு வண்டி நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் விட்டேன், எந்த அடுக்கு என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். எப்படியும் அது நனையாது.

இந்த நிலைமையில்தான் வெள்ளிக்கிழமை கனமழை எச்சரிக்கை வந்தது, சனிக்கிழமை கடல் பெருக்கு வேறு. இரண்டும் சேர்ந்தால் ஆற்றுத் தண்ணீருக்குக் கடலுக்குள் போக வழியில்லாமல் எங்கள் சாக்கடை வழியாக வீட்டுக்கு வந்துவிடும். நீங்கள் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு. சரி, காலையிலேயே ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம், மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் இறக்கி அலங்காரமாக வைத்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் கடல் பாலத்தில் நெரிசல் இல்லையென்று இரண்டு மணிக்கே வந்து நின்றீர்கள். அப்போது எங்கள் ஐஸ்பெட்டி எட்டுச் செங்கல் மேல் நின்றது. சோபா சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. வாசலில் மணல் மூட்டை, நீங்கள் தாண்டித்தான் வந்தீர்கள். நான் ஷரீஃபா வீட்டில் இரவல் வாங்கிய மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழற்றத் தெரியாமல், அதோடேயே கும்பிட்டேன்.

நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டீர்கள்: "தண்ணியே வராதுன்னீங்களே சம்பந்தி, ஐஸ்பெட்டி ஏன் லா இவ்ளோ உசரத்துல நிக்குது?"

நான் "கூட்டிப் பெருக்க வசதியா இருக்கும்னு" என்றேன். அது இரண்டாவது பொய். கிளிஃபர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இனி எழுதுவதுதான் கஷ்டமான பகுதி. கீழே மிச்சமிருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, உங்களை அதில் உட்கார வைத்தோம். சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தீர்கள். அந்த நாற்காலியின் முதுகில் வெள்ளை லேபிள் இருந்தது. மழைக் காலத்தில் பசை சரியாகப் பிடிப்பதில்லை. நீங்கள் காருக்கு நடந்து போகும்போது உங்கள் பாத்திக் சட்டையின் முதுகில் "போனால் போகட்டும்" என்று ஒட்டியிருந்ததை ஷரீஃபா வேலிக்கு மேலாகப் படித்திருக்கிறாள். கார் திரும்பிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள், ஏதோ வேதக்காரர்கள் சம்பிரதாயம் என்று நினைத்தாளாம். சம்பந்தி, அது நாற்காலிக்கு எழுதியது. சத்தியமாக உங்களுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசலோரம் நாலு அவசரப் பை இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர். நாலாவது மிஷெலுக்கு. டார்ச், மழைக்கோட்டு, குடிதண்ணீர், கிளிஃபர்டிடம் அளவு கேட்டு வாங்கிய ரப்பர் செருப்பு எல்லாம் அதில் இருக்கிறது. வெள்ளம் வரும் வீடுதான், இல்லையென்று இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் வந்தால் முதலில் மாடிக்கு ஏறுவது அவள்தான். இதை நம்பிப் பெண்ணைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு சவுந்தரத்தின் அன்பு. மிஷெலுக்கு எங்கள் ஆசீர்வாதம். தேவமாதா உங்கள் வீட்டை நனையாமல் காப்பாளாக.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
பாக்கியசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மிஷெல் வேறு யாரோ ஒருவர் போனிலிருந்து கூப்பிட்டாள். ஞாயிறு விடியற்காலையிலேயே உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம், மூன்று போனும் முழுகிப்போய் நீங்கள் பள்ளிக்கூடத் துயர்துடைப்பு மையத்தில் இருக்கிறீர்களாம். யாருக்கும் எங்கள் நம்பர் மனப்பாடம் இல்லை, சம்பந்தியம்மாவின் கைப்பையில் இருந்த அழைப்பிதழ் மாதிரியைப் பார்த்துத்தான் அடித்தாளாம். சட்டையில் இருந்ததைச் சம்பந்தியம்மா காரிலேயே உரித்துப் பைக்குள் போட்டுவிட்டார்களாம். ஆக உங்களுக்குத் தெரியாமலே போயிருக்க வேண்டிய விஷயத்தை நானே ஒரு பத்தி எழுதித் தெரிவித்திருக்கிறேன். கோபமும் இல்லையாம். "அப்பா யோசிச்சது கல்யாணத்தைப் பத்தி இல்ல மாமா, எங்க வீட்லயும் வருஷா வருஷம் தண்ணி ஏறும்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்" என்றாள்.

எனவே மேலே எழுதியதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கிளிஃபர்ட் இந்த உறைக்குக் காத்திராமல் லோரியோடு கிளம்பிவிட்டான், அதனால் இதைப் படம் எடுத்து மிஷெல் கூப்பிட்ட போனுக்கே அனுப்புகிறேன். ரோடு காய்ந்திருக்கும் இடம் வரைதான் அவன் வருவான், அதுவரை மையத்தை விட்டு நகராதீர்கள். விட்டுப்போன சாமானுக்காக யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம், முக்கியமாக ஐஸ்பெட்டிக்காக. பெண்ணைக் கொடுப்பதா என்பதை வந்து சாப்பிட்டுவிட்டுச் சொன்னால் போதும், சவுந்தரம் ஆறு பேருக்கு உலை வைத்துவிட்டாள். இங்கேயும் மழை பிடித்துக்கொண்டது. சீக்கிரம் வந்துவிடுங்கள், நாம் எல்லோருமாக மாடியில் இருந்துகொள்ளலாம்.