கோயில் மைக்கில் என் அம்மா

தனியாக இருக்கிறவனுக்குப் பேச ஆள் கிடைத்தால் குரல் தானாகவே கொஞ்சம் கூடிவிடும். எனக்குக் கூடியது ஓர் ஊருக்கே கேட்கும் அளவுக்கு.

அப்போதுதான் படிப்பை முடித்து ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். மாரண்டஹள்ளிக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஒரு மாதம் தங்கி, மக்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன குறை என்று விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். கும்பகோணத்துக்காரனான நான், போன முதல் வாரத்திலேயே ஊரைக் கரைத்துக் குடித்துவிடுவேன் என்று நினைத்தேன். (அந்த வயசுல அப்படித்தான் தோணும், விடுங்க.)

ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இளவட்டங்கள் ஓசூர் கம்பெனிகளுக்கும் பெங்களூர் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் விடிந்தால் தக்காளித் தோட்டத்தில், இருட்டினால் பாயில். மதியம் தெருவில் நானும் நாய்களும்தான். நாய்களுக்காவது ஒன்றுக்கொன்று துணை இருந்தது. யாரிடம் போய் என்ன குறை என்று கேட்டாலும், ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர்களுக்குள் பேசிக்கொண்டது கன்னடம். அறைக்குத் திரும்பினால் சத்தம் போடுவது மின்விசிறி மட்டும். அதுவும் கரண்ட் இருந்தால்.

கடைசியில் ஊர்க்கூட்டம் போடலாம் என்று முடிவு செய்தேன். கோயில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்ளும் மாதப்பன் அண்ணன் அறையைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்ச் எதற்கு என்று காட்டிவிட்டு, பால் கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்குப் போனார். நான் தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த ஊர்ப் பெருமக்களே" என்று ஆரம்பித்து, நாளைய கூட்டத்தை அறிவித்துவிட்டு மைக்கை அணைத்தேன். (நான் அணைச்சது அங்க இருந்த டேப் ரெக்கார்டரை.)

உடனே போன் அடித்தது. அந்த ஊரில் சிக்னல் கிடைப்பதே கோயிலில்தான். அங்கும் சரியாகக் கேட்காது என்பதால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"வயிறு சரியாச்சாடா அப்பு?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. வயிற்றின் நிலவரத்தை விவரமாகச் சொன்னேன். டீக்கடையில் தினமும் களி போடுகிறார்கள், அது தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறது என்றேன். இந்த ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இல்லை, நான் அறையிலேயே செத்துக் கிடந்தாலும் தெரியாது, நம்ம ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றேன். பிறகு அழுதேன். எதிரொலி கேட்டது, சிக்னல் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். அழாதே தங்கம், மூக்கைச் சிந்து என்றாள் அம்மா. சிந்தினேன். (அதுவும் தெளிவா கேட்டுச்சாம்.)

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் காலி கேனோடு மாதப்பன் அண்ணன்.

"மைக்கு ஆன்லயே இருக்குதுங்க சார்," என்றார். "ஓடியாந்தேன். அம்மா பேசறப்ப நிறுத்துனா நல்லா இருக்காதுன்னு நின்னுட்டேங்க."

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் பையோடு போய் நின்றேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில்தான் அந்த டீக்கடை இருந்தது. கடைக்காரர் சின்னபாப்பா அக்கா கூப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டு போனேன். அந்தக் காலையில் எனக்காகச் சோறாக்கி, ரசம் வைத்திருந்தார். சிரிக்கவே இல்லை. சிரித்திருந்தால் பஸ் ஏறியிருப்பேன்.

"எம்பையன் ஓசூர்ல இருக்கறானுங்க. எப்ப போன் போட்டாலும் நல்லா இருக்கறேன்னுதான் சொல்லுவான். நேத்து நீங்க அழுததக் கேட்டுட்டு அவனுக்குப் போட்டேன். நெசத்தச் சொல்லுடான்னேன்."

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அக்கா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாப்புடுங்க. ஆறிப்போயிரும்."

பஸ் வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று கூட்டத்துக்கு ஊரே வந்தது. தண்ணீர், ரோடு எல்லாம் பிறகுதான். முதலில் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள். எப்போது வருவான் என்று கேட்கவே பயமாயிருக்கிறது என்றார் ஒரு அம்மா. மகன் கட்டிக்கொடுத்த புது வீட்டைக் கைகாட்டி, "ரெண்டு பேருக்கு இத்தாம் பெரிய வூடு எதுக்குங்க?" என்றார் மாதப்பன் அண்ணன். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மீதி நாட்களில் யார் வீட்டில் சாப்பிடுவது என்பதுதான் என் பிரச்சினையாக இருந்தது. களிகூடத் தொண்டையைத் தாண்டிவிட்டது.

என் கல்யாணத்துக்கு அந்த ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். சின்னபாப்பா அக்கா மேடையேறி, போட்டோக்காரர் காத்திருக்க, முழுக் கதையையும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார், மூக்கைச் சிந்தியது உட்பட.

இப்போதும் நான் எதையாவது மனதில் வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தால், என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து ஒன்று மட்டும் கேட்பாள்: "எங்கிட்ட சொல்றீங்களா, ஊருக்குச் சொல்றீங்களா?"