ஒத்துழைக்காத ஆள்

பதினெட்டாயிரத்து நானூற்று முப்பது. பெயின்ட் கடைக்காரருக்குப் பெயின்டர் வைத்திருந்த பாக்கி அது. கடை இருக்கும் தெருப்பக்கமே அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. பதிவுத் தபால் வந்தாலும் தொடுவதில்லை.

"யார் அனுப்பினதுன்னாவது பாருங்க" என்பார் தபால்காரர்.

"கடைக்காரன்தான், வேற யாரு? வேணாம்னு எழுதித் திருப்பிடுங்கண்ணே."

மூன்று தபால் அப்படியே போனது. பிறகு ஒருநாள் வாசல் கதவில் சீல் குத்திய தாள் ஒட்டியிருந்தது. படித்தால்தானே தொல்லை! தகட்டால் சுரண்டி எறிந்துவிட்டு, மிச்சம் கிடந்த பச்சையை இரண்டு கை பூசினார். கதவு பளபளத்தது.

இதெல்லாம் பழைய கதை. இப்போது அவருக்குத் தலைபோகிற வேலை வேறு. மனைவி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒன்றரை வருடம்.

"அவ என்னை விடறதுக்குள்ள நான் அவளை விட்டாகணும். இல்லைன்னா இந்தச் சாரத்துல ஏறி நிக்க முடியுமா? கீழ நின்னு சிரிப்பீங்க" என்று கூட வேலை செய்பவர்களிடம் சவால் விட்டிருந்தார்.

விவாகரத்துப் பத்திரம் எழுதிக்கொண்டு நேரே போனார். அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"ஒரு கையெழுத்துப் போட்டுடு. மரியாதையா பிரிஞ்சுக்கலாம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன விளையாட்டு இது? உங்களுக்காக ஒரு கையெழுத்துப் போட்டுப் பட்டது போதும். போய் வேலையைப் பாருங்க."

ஜன்னல் சாத்திக்கொண்டது. தெருவில் நின்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

ரோஷம் வந்துவிட்டது. ஸ்கூட்டரை விற்று வக்கீல் வைத்தார். வக்கீல் நோட்டீஸ் பதிவுத் தபாலில் போய், வாங்க மறுத்ததாகத் திரும்பி வந்தது.

பெயின்டர் உறையை வக்கீல் மேசையில் வீசினார். "வந்த தபாலை வாங்காம திருப்புறாளா? இப்படியும் ஒரு ஜென்மம் உண்டா சார்?"

"ஒத்துழைக்காத மனைவின்னு கேஸ் போட்டுடலாம்" என்றார் வக்கீல்.

கோர்ட்டில் குமாஸ்தா மனுவைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார், கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்களுக்கு விவாகரத்து ஆகி நாலு மாசமாச்சே! அந்தம்மா போட்ட கேஸ். ஒத்துழைக்காத கணவர்னு எழுதி, நீங்க வராமலே தீர்ப்பாயிடுச்சு."

வக்கீல் பெயின்டரைப் பார்த்தார். பெயின்டர் சுவரைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

"மூணு பதிவுத் தபால் அனுப்பியிருக்கோம்."

பெயின்டர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "அது... அது பெயின்ட் கடைக்காரன் அனுப்பினது இல்லையா?"

மூலையில் கட்டுகளுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்த பியூன் நிமிர்ந்தார்.

"ஓ, அந்தப் பெயின்டர் நீங்கதானா? பெயின்டர் வீட்டுக் கதவுல பெயின்டே இல்லையேன்னு தாளை ஒட்டும்போதே நினைச்சேன். கடைக்காரர் எதுக்குங்க உங்களுக்குத் தபால் போடறாரு? ஜாமீன் கையெழுத்துப் போட்ட பாவத்துக்கு, அந்தப் பதினெட்டாயிரத்து நானூத்து முப்பதையும் கட்டி, ரசீதையும் சேர்த்து வச்சுதானே அந்தம்மா கேஸே போட்டாங்க!"