புளித்த பாலும் காலை இரண்டு மணி நேரமும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதப் பேனா வரவில்லை. அங்கே நீங்களும் மகளும் நலமாக இருந்தால் போதும்.

பழைய முறைப்படி புளிக்கவைத்த பால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று உங்கள் ஆய்வகத்தில் பார்க்கப்போவதாகவும், ஆள் போதவில்லை என்றும் நீங்கள் சொன்னபோது மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டவன் நான். உங்கள் அத்தையையும் போடவைத்தேன். யாருக்கு நிஜமான பால், யாருக்குச் சும்மா எலுமிச்சை பிழிந்த பால் என்பது கடைசி நாள்வரை தெரியாது என்றீர்கள். எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒரு டம்ளர் உள்ளே போனதும் வயிற்றுக்குள் பஸ் கிளம்பும் சத்தம். பணிமனையில் முப்பத்தொரு வருஷம் மேற்பார்வை பார்த்தவனுக்கு இன்ஜின் சத்தம் தெரியாதா? உட்கார முடியாமல் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் தெருத்தெருவாக நடந்தேன். எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, "எங்க மாப்பிள்ளையோட பால், பிரஷர் சரசரன்னு இறங்குது" என்று மூன்று மாதம் சொல்லிவைத்தேன். தெருமுனைத் தையல்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

நேற்றுதான் இங்கே ஆஸ்பத்திரியில் முடிவு சொன்னார்கள். நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றி இரண்டு தடவை அளந்தார். "உங்களுக்கு நிஜமான பால்தான் சார். முதல் நாள் நூத்தி அம்பத்தி ரெண்டு, இன்னிக்கு நூத்தி அம்பத்தி நாலு." அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்து உங்கள் அத்தை. எலுமிச்சைப் பால் குடித்தவள். நூற்று நாற்பத்தெட்டு, நூற்று இருபத்தாறாக இறங்கியிருந்தது. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

"வீட்டுல என்னம்மா மாத்தினீங்க? உப்பைக் குறைச்சீங்களா?"

"இல்லையே."

"மாத்திரை ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்." கொஞ்சம் யோசித்தாள். "காலையில ரெண்டு மணி நேரம் இவர் வீட்டுல இருக்கறதில்ல. அவ்வளவுதான்."

டாக்டர் சிரிக்கவில்லை மாப்பிள்ளை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

முப்பத்தாறு வருஷக் குடித்தனம். குழாய் சொட்டினால் சொல்வேன், அடுப்புத் தீ அதிகமென்றால் சொல்வேன், பேப்பரை அவளுக்கும் சேர்த்து உரக்கப் படிப்பேன். துணையாக இருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன்? திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்.

"அப்ப நான்தான் உன் வியாதியா?"

"அப்படியா சொன்னேன்? கேட்டாரு, உள்ளதைச் சொன்னேன்."

"அந்த ரெண்டு மணி நேரம் என்னதான் பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா உக்காந்திருப்பேன்."

ஆகவே அடுத்த மூன்று மாதத்துக்கு நான் கொடுத்த கையெழுத்தை ரத்து செய்யவும். பாட்டில் அனுப்ப வேண்டாம். நடையும் நின்றது. இனி நான் வீட்டை விட்டு அசைவதாக இல்லை. மகளிடம் சொல்லாதீர்கள், அவள் அம்மா பக்கம் பேசுவாள்.

நீங்கள் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நாலு நாள் போய்விட்டது. உங்கள் அத்தை தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். சண்டையெல்லாம் இல்லை, ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பேப்பரை இரண்டு நாள் சுவருக்குப் படித்துக் காட்டினேன். இன்று அளந்து பார்த்தால் நூற்று எழுபத்திரண்டு. போனில் சொன்னதும் எத்தனை என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "நாளைக்கே வர்றேன். ஆனா காலையில நடக்கப் போவீங்கதானே?" என்றாள். போவேன் என்றேன். எனவே மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிட்டுப் பாட்டில்களை அனுப்பிவையுங்கள். அவள் பஸ் நாளைக் காலை எட்டு மணிக்கு வரும். முதலில் நிறுத்தம்வரை நடந்து, அவள் பையை வாங்கிவந்து வீட்டில் வைத்துவிட்டு, மீதி நேரத்தைத் தெருவில் கழித்துக்கொள்கிறேன்.