சிவப்புக் கயிறு கட்டிய பாட்டில்

இந்த ஊரில் சர்க்கரை வியாதிக்காரன் ஜாம் தின்ன ஒரே வழி, ஜாம் வியாபாரி ஆவதுதான். இதைக் கண்டுபிடித்த மேதை சகாதேவன் என்கிற நான்.

என் மனைவி அருணாதேவி, கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் உதிரும் காட்டு நாவல்பழத்தில் ஜாம் போட்டு, ரமணாசிரமம் பக்கம் ஞாயிறுதோறும் கூடும் இயற்கைச் சந்தையில் விற்பாள். அவள் கிண்டினால் தெருவே மணக்கும். எனக்கு மட்டும் சமையலறைக்குள் தடை. "இப்படியே தின்னா கண்ணு போயிடும்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஜாம் அலமாரிக்குப் பூட்டு.

ஆகவே ஒரு நாள் பெருந்தன்மையோடு அறிவித்தேன்.

"அருணா, இனிமே சந்தைக்கு நான் போறேன். நீ ரெஸ்ட் எடு."

"இன்னா திடீர்னு?"

"கட்டின பொண்டாட்டி வெயில்ல நிக்கறதப் பாக்க முடியல."

"சரிங்க."

"அப்புறம், வெள்ளைக்காரங்க சும்மா வாங்க மாட்டாங்க. விக்கறவன் மொதல்ல தின்னு காட்டணும்."

"தின்னுதான் ஆவணுமா?"

"வியாபாரத்துக்காக! எனக்கா ஆசை?"

உடனே தலையாட்டினாள். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். "ஆனா வாய் வெச்ச ஸ்பூனை அவங்க பாட்டில்ல வுடாதீங்க, எச்சில். உங்களுக்குத் தனி பாட்டில்" என்று ஒன்றின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிக் கொடுத்தாள். நியாயமாகத்தான் பட்டது.

சந்தையில் என் நடிப்பைப் பார்க்க வேண்டுமே! ஆள் நின்றால் ஒரு ஸ்பூன். நிற்காவிட்டால், நிற்க வைக்க ஒரு ஸ்பூன். கண்ணை மூடி "ஆகா!" என்று முனகுவேன். நாக்கில் லேசாகத் துவர்த்தது. திருட்டுத் தீனி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். தின்ற தீனியில், பஸ் ஸ்டாண்டில் ஒளிந்து தின்னும் பாதுஷாகூட மறந்துபோனது.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. டாக்டர் கைகுலுக்கினார். ஜாம் தின்றால் சர்க்கரை குறையும் என்று மருத்துவ உலகத்துக்கே சொல்லத் துடித்தேன். பக்கத்தில் அருணா நின்றதால் உலகம் அந்த உண்மையை இழந்தது.

போன ஞாயிறு குட்டு உடைந்தது. ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்கார அம்மா, என் முனகலில் மயங்கி, "எனக்கும் அதே!" என்று என் பாட்டிலிலேயே விரலை விட்டு நக்கிவிட்டார். முகம் காய்ந்த இலந்தைப் பழமாகச் சுருங்கியது.

"ஐயா, இது மருந்தா?"

வீட்டுக்கு வந்து பாட்டிலை நங்கென்று வைத்தேன்.

"இன்னாடி இது?"

"நாவப்பழந்தான். சர்க்கரை போடல. கொட்டையையும் அரைச்சிப் போட்டேன். சர்க்கரை வியாதிக்கு நல்லதுன்னு பொடியா குடுத்தப்ப துப்பினீங்களே."

"என்னையே ஏமாத்திட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. "உங்கப்பாவுக்குக் கண்ணு போனப்புறம், கையைப் புடிச்சி கிரிவலம் இட்டுக்கினு போனது நாந்தாங்க. மலை எந்தப் பக்கம்மா இருக்குதுன்னு கேப்பாரு. நீங்களும் அப்படிக் கேட்டா என்னால தாங்க முடியாது."

ஜன்னல் வழியே மலை தெளிவாகத் தெரிந்தது. அது எனக்குத் தெரிவதற்கு இவள்தான் காரணம். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத நன்றியை அன்றைக்கு மனதாரச் சொன்னேன். சொன்ன கையோடு ஒரு விண்ணப்பமும் போட்டேன்.

"நல்ல விஷயம் பேசியிருக்கோம். ஒரே ஒரு ஸ்பூன் நெஜ ஜாம் குடேன்."

இப்போது சிரித்தாள். "கண்ண மூடிக்கினு வாயத் தொறங்க."

திறந்தேன். நாக்கில் பட்டது. உச்சந்தலை வரை இனித்தது.

"இதாண்டி ஜாம்! அமிர்தம்! இத்தினி நாளா நான் தின்னதெல்லாம் ஒரு ஜாமா?"

கண்ணைத் திறந்தேன். அவள் கையிலிருந்த பாட்டிலின் கழுத்தில் சிவப்புக் கயிறு.