‘ஒண்ணும் ஆகாது’ ஆசாமி

மனிதர்களில் எத்தனையோ ரகம் உண்டு. அதில் தான் மட்டும் நிம்மதியாகத் தூங்கி, அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரு ரகம்தான் ‘ஒண்ணும் ஆகாது’ ஆசாமி. அவரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. பிரேக் பிடிக்காத வண்டியில் அவரே உங்களைத் தேடி வருவார். சுவரில் விரிசல் என்று காட்டினால் “அது பெயின்ட்டுப்பா” என்பார். ஸ்விட்சைத் தொட்டால் சுரீர் என்கிறதா? “செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு.”

நான் அறிந்த ஆசாமி, எண்ணெயை வனஸ்பதி மாதிரி கட்டிக் கொழுப்பாக மாற்றும் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பொறுப்பாளர். அந்த மாற்றத்துக்கு ஹைட்ரஜன் வேண்டும். கம்ப்ரஸர் அதை அமுக்கி அமுக்கிக் குழாய்க்குள் தள்ளும். அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, பற்றிக்கொண்டால் பகல் வெளிச்சத்தில் தீகூடக் கண்ணுக்குத் தெரியாது. இப்பேர்ப்பட்ட வாயுவைக் கண்காணிக்க அவர் நம்பியிருந்த கருவி எது தெரியுமா? மூக்கு!

கசிவைக் காட்டும் மீட்டர் சுவரில் இல்லாமல் இல்லை. அது அலறினால் முதலில் பொத்தானை அமுக்கி அதன் வாயை அடைப்பார்; பிறகு இடுப்பில் கைவைத்து, முகத்தை உயர்த்தி, கல்யாணப் பந்திக்கு முன்னால் நிற்பவரைப் போல நாலு திசையிலும் மோந்து பார்ப்பார்; கடைசியில், சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, “வாசனையே இல்லையேப்பா!” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் காலை, இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் வாயு கசியாமல் அடைத்திருந்த கேஸ்கட் வளையம் கிழிந்தது. அது எப்போதோ மாற்ற வேண்டியது. ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்’ என்று அதற்கு ஆயுள் கொடுத்து வந்தவர் நம் ஆசாமிதான். மீட்டர் கத்தியது. வாயை அடைத்தார். அங்கேயே மீட்டர்களைப் பராமரிக்கும் இன்ஜினியரான அவருடைய மச்சினி ஓடி வந்தாள். வீட்டில் அவர் அவளுக்கு மாமா. வேலை இடத்தில் கண்டிப்பாக சார்.

“சார், மிஷினை நிறுத்துங்க. லீக் ஆகுது.”

“மீட்டர்ல ஈரம் பட்டிருக்கும்மா.”

“உஸ்ஸுனு சத்தம் கேக்குதே!”

“மிஷின்னா மூச்சு விடாதா? நிறுத்தினா மறுபடி ஓட்டுறதுக்குள்ள உயிர் போயிடும். இரு, மோந்து பாத்துட்டு வரேன்.”

“ஹைட்ரஜனுக்கு ஏது சார் வாசனை?”

“அதைத்தானே நானும் சொல்றேன்? வாசனை இல்ல. அப்புறம் என்ன லீக்கு?”

இந்தத் தர்க்கத்துக்கு எந்தக் கல்லூரியில் பதில் சொல்லிக் கொடுக்கிறார்கள்? தன்னைக் கேட்காமல் யாரும் மிஷினை நிறுத்தக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம். ஆகவே அவள் மூலையில் மாட்டியிருந்த நீளத் துடைப்பத்தை எடுத்தாள். பெருக்குவதற்கு அல்ல. கசிந்த வாயு தானாகவே பற்றியிருக்கலாம்; கண்ணுக்குத் தெரியாத அந்தத் தீ எங்கே நிற்கிறது என்று அறிய, துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டுதான் அங்கே நடக்க வேண்டும்.

“பெருக்குறதுக்கு ஆள் இருக்கும்மா!” என்று சிரித்தபடி அவர் முகத்தை முன்னே நீட்டிக்கொண்டு நடந்தார்.

“மாமா! நில்லுங்க மாமா!”

பாய்ந்து வந்து அவர் தோளுக்கு மேலாகத் துடைப்பத்தை நீட்டினாள். வெறும் காற்றில் அதன் நுனி குப்பென்று பற்றியது. அவர் மூக்குக்கும் அதற்கும் ஒரு முழம் இருக்குமா? ஒரு கையால் அவர் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். துடைப்பம் பிடித்த கை தீயில் மாட்டி வெந்தது. அந்தக் கையோடுதான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்து மிஷினை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆசாமியின் வீட்டுக்கு வந்தவளை நான் போய்ப் பார்த்தேன். வலது கை முழுக்கக் கட்டு. விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லையாம். ஆசாமியின் மனைவி தன் தங்கைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நம் ஆசாமி நாற்காலியில் சாய்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்னமோ பெருசாப் பேசுறாங்க. கடைசியில ஒண்ணும் ஆகலையே!”

“அவ கையைப் பாத்துக்கிட்டுச் சொல்லுங்க” என்றாள் மனைவி.

அவர் ஜன்னலைப் பார்த்தார். அதுவரை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அவரை நாற்காலியோடு தூக்கி வெளியே போட வேண்டும் போலிருந்தது.

உங்களுக்கும் கோபம் வருகிறது, இல்லையா? வரட்டும். அது போகட்டும், உங்கள் வீட்டுக் குக்கர் மூடியின் ஓரத்தில் ஆவி சீறுகிறதே, அந்த ரப்பர் வளையம் தளர்ந்து எத்தனை மாதமாயிற்று? “கரண்டியால கொஞ்சம் அழுத்திப் பிடி, சரியாப் போயிடும்” என்று யாரிடமோ சொல்லிவிட்டுத்தானே இங்கே வந்து உட்கார்ந்து படிக்கிறீர்கள்? படித்தது போதும். எழுந்து போய், கரண்டியோடு நிற்பது யார் என்று பாருங்கள்.