தார்ப்பாய்க்கு அடியில் ஓர் அறிவியல் கூடம்

பிள்ளைகளே, அடுத்தவரைத் திட்டுவது ரொம்பச் சுலபமான வேலை. அதில் எனக்குப் பல வருட அனுபவம் உண்டு. (படிப்பு என்னவோ பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ. ஃபிட்டரும்தான். திட்டுவதற்குச் சான்றிதழ் கேட்பதில்லை என்பதால் சமாளித்துவிட்டேன்.)

தினமும் காலையில் சூளகிரியில் எங்கள் வீட்டு வாசலில் பேப்பரை விரித்துக்கொண்டு நாட்டைத் திருத்துவேன். நான் ஆரம்பித்ததும் மனைவி சாந்தி அடுப்படிக்குப் போய்விடுவாள். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மகள் கயல்விழிக்கு அப்போதுதான் பல் விளக்கத் தோன்றும். மிஞ்சுவது ராகி மட்டும். ராகி எங்கள் நாய். நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் கேட்டில் திரிந்தவள், ஒரு மழை நாளில் என் பைக்குக்குப் பின்னாலேயே ஓடிவந்து எங்கள் வீட்டாளாகிவிட்டாள். களி உருண்டை நிறம் என்பதால் அந்தப் பெயர்.

“பாரு ராகி, நிலாவுக்கு ராக்கெட் விடறோம். பெருமைதான். ஆனா நம்ம கயலு வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்புல பாத்ததில்லை. புஸ்தகத்தைப் பாத்துத்தான் வரையறா. அறிவியலுக்கு டெல்லியில ஒதுக்கற பணம் இங்க வரைக்கும் வரவேணாமா? அது இல்லாம, பெரிய விருந்தாளி யாராச்சும் வந்தா ரோட்டோரக் குடிசைக்குத் துணி கட்டி மறைக்கறாங்க. குறையை மறைச்சா குறை போயிடுமா?”

ராகி மறுத்துப் பேசியதே இல்லை. களித்தட்டு வரும்வரை பொறுமையாகக் கேட்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கயலின் அறிவியல் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். நான் பள்ளிக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். புதன்கிழமை ஓர் அதிகாரி வந்து பள்ளியைப் பார்ப்பாராம். அவருக்குத் திருப்தியென்றால் புது ஆய்வுக்கூடத்துக்குச் சிபாரிசு செய்வாராம்.

“இப்ப இருக்கற லேப் ரூமைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணிக் குடுங்க சார், போதும்” என்றார் டீச்சர்.

‘கொஞ்சம்’ என்ற சொல் என் காதில் விழவில்லை. வெளியாள் வந்து பார்ப்பது என்றால் எங்கள் ஃபேக்டரி அகராதியில் அதற்கு ஒரே பெயர்தான்: ஆடிட். ஆடிட் என்றால் எனக்குப் பயம், ஆனால் என்ன செய்யவேண்டும் என்று மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தரையில் மஞ்சள் கோடு. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர்ச்சீட்டு. பழுதானது ஒன்றும் கண்ணில் படக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் தளி ஊர்க்காரன் மஞ்சுநாத்தையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். ராகியும் கூடவே வந்து வேடிக்கை பார்த்தாள். கோடு போட்டோம். சுவருக்கு வெள்ளையடித்தோம். லென்ஸ் இல்லாத மைக்ராஸ்கோப், மூன்று கால் மேசை, விரிசல் விட்ட குடுவைகள், ஒழுகும் குழாய், கிழிந்த படங்கள் எல்லாவற்றையும் சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் குவித்து, ராகி படுக்கும் பழைய தார்ப்பாயை வீட்டிலிருந்து கொண்டுவந்து மூடினேன். அறை வெறிச்சென்று தெரிந்ததால் என் சொந்த அளவுக்கருவிகளைத் துடைத்து வரிசையாக அடுக்கினேன்.

மஞ்சு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். கன்னடப் பழக்கத்தில் நண்பர்களை ‘குரு’ என்றுதான் கூப்பிடுவான். “குரு, லேப் வேணும்னு கேக்கறியா, லேப் இருக்குன்னு காட்டறியா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, பிரஷ்ஷைக் கழுவு” என்றேன்.

(குடிசைக்குத் துணி கட்டியவர்களைத் திட்டிய அதே வாய்தான். அப்போது எனக்கு உறைக்கவில்லை.)

திங்கட்கிழமை சாயங்காலம் ராகியைக் காணவில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போகிற வேகத்தை நினைத்து, பைக்கில் இரண்டு தடவை போய்ப் பார்த்துவந்தேன். சாந்தி தெருத்தெருவாகத் தேடினாள். கயல் சரியாகச் சாப்பிடவில்லை. செவ்வாயும் அப்படியே போயிற்று. அந்த நிலைமையிலும் நான் மகளை உட்காரவைத்து ஆடிட் பாடம் எடுத்தேன்: “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். குறை சொல்லக்கூடாது.”

புதன்கிழமை அதிகாரி வந்தார். மஞ்சள் கோட்டை மிதிக்காமல் நடந்தார். என் அளவுக்கருவிகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். எனக்குப் பெருமையில் பாதி மூச்சு, பயத்தில் பாதி மூச்சு. பிறகு கயலைக் கூப்பிட்டார்.

“லேப் எப்படிம்மா இருக்கு?”

“நல்லா இருக்குங்க சார்.”

“ஏதாச்சும் குறை?”

கயல் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

“குறை ஒண்ணும் இல்லீங்க சார்.”

அதிகாரி பேனாவை மூடினார். “ரொம்ப சந்தோஷம். ஒரு லேப்தான் இருக்கு, யாருக்குக் குடுக்கறதுன்னு யோசனையா இருந்தது. அஞ்செட்டி பக்கம் ஒரு ஸ்கூல்ல ஒண்ணுமே இல்லையாம். அங்க எழுதிடறேன்.”

“ரொம்ப நன்றிங்க சார்” என்றேன். (ஆமாம், நான்தான் சொன்னேன்.)

டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று. கயல் தரையைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் மறைத்ததற்கு டீச்சர் மாட்டிக்கொள்வார், சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு இனிமேலும் படம்தான். வாயைத் திறந்தேன். “டீ சாப்பிடறீங்களா சார்?” என்றுதான் வந்தது.

வேண்டாம் என்று சொல்லி அவர் ஜீப்புக்கு நடந்தார். சைக்கிள் ஷெட்டைத் தாண்டும்போது கீச்கீச்சென்று சத்தம். கயல் நின்றாள். அடுத்த நொடி ஓடிப்போய்த் தார்ப்பாயைத் தூக்கினாள்.

“ப்பா, ராகி!”

மூன்று கால் மேசைக்கு அடியில், கிழிந்த ‘மனித உடலின் உள்ளுறுப்புகள்’ படத்தின்மேல் ராகி படுத்திருந்தாள். பக்கத்தில் நாலு குட்டிகள். (களி தின்று கொழுத்துவிட்டாள் என்று ஒரு மாதமாக அவளைக் கேலி செய்துகொண்டிருந்த மேதை நான்தான்.)

அதிகாரி குட்டிகளைப் பார்க்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் தொங்கிய சிவப்புச் சீட்டைப் பார்த்தார். ஃபேக்டரியில் பழுதான பொருளை ஒதுக்கும்போது சிவப்புச் சீட்டு கட்டாமல் வைக்கக்கூடாது. பழக்க தோஷம், மறைத்த பொருட்களுக்கும் ஒன்று விடாமல் கட்டியிருந்தேன்.

அவர் சத்தமாகப் படித்தார். “மைக்ராஸ்கோப், லென்ஸ் இல்லை. மேசை, கால் மூன்று. குழாய், மூடினாலும் ஒழுகும். இதெல்லாம் யார் எழுதினது?”

“நான்தாங்க சார். டீச்சருக்கு இதுல சம்பந்தமில்லைங்க. மறைச்சதும் நான்தான்.” இதையாவது சொன்னேன்.

“யோவ், இதைப் பாக்கத்தான்யா நான் வந்தேன்.” மறுபடி பேனாவைத் திறந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். கடைசியில் ராகியைக் காட்டி, “இதுக்குச் சீட்டு இல்லையா?” என்றார்.

பல மாதங்கள் எங்களுக்குத் தகவலே இல்லை. பிறகு அந்த ஒரு லேப்பையே பங்குபோட்டு, மேசைகள் அஞ்செட்டிக்கும், இரண்டு மைக்ராஸ்கோப் எங்கள் பள்ளிக்கும் வந்தன. முதல் நாள் கயல் வெங்காயத் தோலைப் பார்த்துவிட்டு வந்து, “புஸ்தகத்துல இருக்கறதைவிடக் கோணலா இருக்குப்பா, ஆனா அழகா இருக்கு” என்றாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடமாகிறது. போன மாதம் முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி போயிருந்தேன். “எப்படி இருக்கீங்க?” என்றார் டாக்டர். “நல்லா இருக்கேங்க” என்றேன். பக்கத்திலிருந்த சாந்தி என் வேட்டியை முட்டிக்கு மேலே தூக்கி, வீங்கிய காலைக் காட்டினாள்.

“இவரு வாயால சொல்லமாட்டாருங்க டாக்டர். நாமதான் தார்ப்பாயைத் தூக்கிப் பாக்கணும்.”