நாலெழுத்து மிச்சம் பிடித்த கதை

சிக்கனம் நல்ல குணம்தான். ஆனால் எதில் சிக்கனம் பிடிப்பது என்பதற்குக் கொஞ்சம் மூளை வேண்டும். அது எனக்கு அன்றைக்கு இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை கேட்டுக்கு எதிரே நான் சின்னதாக ஒரு பரோட்டா கடை நடத்துகிறேன். எண்ணெய், மைதா, கேஸ் எல்லாம் ஏறியது. எதிர்க்கடைக்காரன் விலையை ஏற்றாததால் நானும் ஏற்ற முடியவில்லை. (அவனும் என்னைப் பார்த்துத்தான் ஏற்றவில்லையாம்!) இந்த நேரம் பார்த்து என் பரோட்டா மாஸ்டர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். பி.எஃப். உண்டு, ஏசி பஸ் உண்டு. என் கடையில் ஃபேனே பாதி நாள் சுற்றாது.

அப்போதுதான் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒருநாள் மதியச் சாப்பாடு கொடுத்துப் பார்க்க வேண்டும். பிடித்தால் தினசரி ஆர்டர். அது கிடைத்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். மூடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

ஆள் பிடிக்க, பஸ் ஸ்டாப் பக்கம் போர்டு எழுதச் சொன்னேன். பெயிண்டர் எழுத்துக்கு இவ்வளவு என்றார். விலைவாசி இருக்கிற இருப்பில், 'பரோட்டா மாஸ்டர் தேவை' என்பதில் 'பரோட்டா'வை வெட்டினேன். நாலெழுத்து மிச்சம்!

மறுநாளே பொன்னேரியிலிருந்து முருகேசன் என்பவர் போன் செய்தார்.

"கை வேகமா இருக்குமா மாஸ்டர்?"

"தீபாவளி டைம்ல வந்து பாருங்கம்மா, அப்போ தெரியும்."

"மடிப்பு நல்லா வருமா?"

"மடிப்புதாம்மா நம்ம ஸ்பெஷலு. எத்தினி வருசம் ஆனாலும் கலையாது."

(பரோட்டா மடிப்பு கலையாவிட்டால் எப்படித் தின்பது? அந்த நிமிஷமே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.)

"வேஸ்ட் ஆகக் கூடாது மாஸ்டர், எல்லாம் விலை ஏறிக் கெடக்கு."

"ஒரு துண்டு வேஸ்ட் ஆவாதும்மா."

வெள்ளிக்கிழமை காலை வந்து நின்றார், கழுத்தில் இஞ்ச் டேப்போடு. கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மிஷின் எங்கம்மா?" என்றார்.

"மிஷின்லாம் இல்ல மாஸ்டர், கையாலதான்."

"இன்னாம்மா சொல்றீங்க? அத்தினியும் கைத்தையலா?"

மைதா மூட்டையை அவர் பார்த்தார், இஞ்ச் டேப்பை நான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கும் அதே கதைதானாம். நூல், லைனிங் விலை ஏறி, பையன்கள் கம்பெனிக்குப் போய், கடையை மூடிவிட்டு வந்திருக்கிறார்.

"சரி வுடுங்கம்மா. வந்தது வந்துட்டேன். இன்னா பண்ணணும் சொல்லுங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

நானே மாவை வீசினேன். முதல் வீச்சு ஃபேனில் போய் ஒட்டியது. (அன்றைக்கென்று அது சுற்றிக்கொண்டிருந்தது.) அவர் தேய்த்தவை அளவெடுத்தாற்போல் ஒரே வட்டம்; ஆனால் சுட்டு எடுத்தால் செருப்பு அட்டை. பிய்த்துப் பார்த்தோம், வரவில்லை. பார்சல் எடுக்க வண்டி வருகிற நேரம்.

"வெட்டிடலாமா?" என்றவர், பையிலிருந்து புதுக் கத்தரிக்கோலை எடுத்து வெந்நீரில் கழுவினார். கத்தரிக்கோல் ஓடியது பாருங்கள், அப்படி ஒரு வேகம். ரிப்பன் ரிப்பனாக விழுந்ததை வெங்காயம், முட்டை, சால்னாவோடு கல்லில் போட்டுப் புரட்டினேன். கொத்து பரோட்டா என்று சத்தியம் செய்து அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து போன். "நாளையிலருந்து டெய்லி இதையே குடுங்கம்மா. ஆனா இதே மாதிரி வெட்டிப் போடணும்."

இப்போது அதற்கு 'டெய்லர் கொத்து' என்று பெயர். மாஸ்டர் நன்றாகவே பரோட்டா போடக் கற்றுக்கொண்டார். இதற்கு மட்டும் வேண்டுமென்றே கெட்டியாகப் போடுகிறோம்.

கடை தாக்குப்பிடித்ததும், இன்னொரு ஆளுக்காகப் போன மாதம் ரோஷமாக முழு போர்டும் எழுதினேன்: 'பரோட்டா மாஸ்டர் தேவை.' கடை வாசலிலேயே மாட்டினேன். முருகேசன் மாஸ்டர் அதை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "அப்போ நான் யாரும்மா?"

எனக்குச் சுருக்கென்றது. பெயிண்டரைக் கூப்பிட்டு, 'தேவை'யை மட்டும் அழிக்கச் சொன்னேன். மாஸ்டர் தினமும் அந்த போர்டுக்குக் கீழேதான் கல்லுக்கு முன்னால் நிற்கிறார்.

கடைக்கு யார் வந்தாலும் என் வீட்டுக்காரர் இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவார். "நாலெழுத்த மிச்சம் புட்ச்சாளே, கடசீல இன்னா ஆச்சு தெரியுமா? அழிக்கறதுக்கும் எழுத்துக்கு இவ்ளோன்னு வாங்கினு போனான் அந்த பெயிண்டரு!"